துப்பாக்கி வெடித்த பிறகு: தமிழ்க் குற்றப் படங்கள் குறித்து



நினைவுச் சொற்பொழிவு என்றதும் சங்க இலக்கியத்தையோ பக்தி இலக்கியத்தையோ எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் போலீஸ் படங்களைப் பற்றிப் பேசப்போகிறேன். குற்றவியல் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தவர்களைவிடச் ‘சிங்கம்’ பார்த்தவர்கள் இந்த ஊரில் அதிகம். ஸ்டேஷனில் என்ன நடக்கும், என்கவுன்ட்டர் எப்போது நியாயம் என்பதையெல்லாம் நம்மில் பலர் தியேட்டரில்தான் கற்றுக்கொண்டோம். அதனால் இதை அற்ப விஷயம் என்று தள்ளிவிட முடியாது.

இந்தப் படங்கள் மீது வழக்கமாக இரண்டு குறை சொல்வார்கள். ரத்தம் அதிகம் என்பது ஒன்று. இளைஞர்கள் கெட்டுப்போகிறார்கள் என்பது இன்னொன்று. முதல் குறை வெறும் அளவுக் கணக்கு. ‘ஜெயிலர்’ (2023) படத்தில் தலை துண்டாகி விழுகிறது, சான்றிதழ் யு/ஏ, அரங்கில் விசில். இதைச் சொல்லி அலுத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் விவாதம் நகராது. இரண்டாவது குறையை மேடையில் முழங்குவது எளிது, நிறுவுவது கடினம். என் குறை வேறு. துப்பாக்கி வெடித்ததும் நம் படங்கள் இடத்தைக் காலி செய்துவிடுகின்றன. கதையின் கனமான பகுதி அதற்குப் பிறகுதான் இருக்கிறது.

1. ஒரே ஒரு குண்டு

1954இல் ஏவி.எம். தயாரிப்பில் எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ வெளிவந்தது. பாட்டு இல்லை, சண்டை இல்லை. சிவாஜி கணேசன் நடித்த ரேடியோ இன்ஜினீயர் ராஜன், படம் தொடங்கியதுமே சுடப்பட்டுச் சாகிறான். மிச்சப் படம் முழுக்க அந்த ஒரு சாவுக்கான விசாரணைதான். மனைவி, தம்பி, தம்பி மனைவி, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒவ்வொருவர் வாக்குமூலத்திலும் வேறு வேறு ராஜன் தெரிகிறான். செத்தவன் யார் என்று தெரிந்தால்தான் கொன்றவர் யார் என்று தெரியும். அந்த ஒழுங்கை அந்தப் படம் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை.

இன்றைய படங்களில் தொழில்நுட்பத்துக்குப் பஞ்சமில்லை. லோகேஷ் கனகராஜின் ‘கைதி’ (2019) ஒரே இரவில் நடக்கிறது. கதாநாயகி இல்லை, பாடல் இல்லை. லாரி வெளிச்சத்தையும் இருட்டையும் வைத்துக்கொண்டு சத்யன் சூரியனின் கேமரா நம்மை நாற்காலி நுனிக்கு இழுக்கிறது. பார்த்தே இராத மகளைப் பார்க்கப் புறப்பட்ட தகப்பன் என்ற ஒற்றை இழை, அத்தனை அடிதடியையும் தாங்குகிறது. அதே இயக்குநரின் ‘விக்ரம்’ (2022) படத்தில் சத்தமே கேட்கக் கூடாத இதய நோயோடு ஒரு கைக்குழந்தை வருகிறது. அந்தக் குழந்தைக்காகக் கதை பதறும். அதே கதை பீரங்கியும் முழக்கும். விழும் ஆட்களுக்குப் பெயர் கிடையாது. அவர்களுக்கும் வீட்டில் ஒரு குழந்தை இருக்கலாம் என்று திரைக்கதை ஒரு நொடிகூட யோசிப்பதில்லை.

2. படமாக்கப்படாத காட்சி

2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், மக்கள் சிவில் உரிமைக் கழகம் மகாராஷ்டிர அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், என்கவுன்ட்டர் சாவுகளுக்கென்று 16 நெறிமுறைகளை வகுத்தது. எஃப்.ஐ.ஆர். பதிவாக வேண்டும். சி.ஐ.டி.யோ வேறொரு ஸ்டேஷனைச் சேர்ந்த போலீஸ் குழுவோ விசாரிக்க வேண்டும். ரத்தம் தோய்ந்த மண், தலைமுடி, நூலிழை ஆகியவற்றைச் சேகரித்துப் பாதுகாக்க வேண்டும். இரண்டு மருத்துவர்கள் பிரேதப் பரிசோதனை செய்ய, அதை வீடியோ எடுக்க வேண்டும். சுட்ட அதிகாரி ஆயுதத்தை ஒப்படைக்க வேண்டும். இறந்தவரின் உறவினருக்குக் கூடிய சீக்கிரம் தகவல் போக வேண்டும். மாஜிஸ்திரேட் விசாரணை கட்டாயம். சம்பவம் நடந்த கையோடு பதவி உயர்வோ வீர விருதோ கூடாது.

இதைச் சட்டமாகப் படிக்காமல் திரைக்கதையாகப் படித்துப் பாருங்கள். தன் துப்பாக்கியை மேஜைமேல் வைக்கும் அதிகாரி. மண்ணை அள்ளிப் பொட்டலம் கட்டும் ஏட்டு. வாசலில் வந்து நிற்கும் போலீஸ்காரரைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிடும் ஒரு தாய். இதைவிட த்ரில்லருக்கு வேறு என்ன வேண்டும்? ஆனால் ‘காக்க காக்க’ (2003) முதற்கொண்டு நம் போலீஸ் கதைகளில் மனித உரிமை ஆணையம் என்றாலே ஹீரோவின் காலை வாரும் இடைஞ்சல்தான்.

3. நின்று பார்த்த படங்கள்

விதிவிலக்குகள் உண்டு. புஷ்கர்–காயத்ரியின் ‘விக்ரம் வேதா’ (2017) என்கவுன்ட்டரோடுதான் தொடங்குகிறது. ஆனால் குண்டு ஓய்ந்ததும் கேமரா நகரவில்லை. ஆயுதமில்லாமல் செத்த ஒருவனையும் சுட வந்தவனாகக் காட்டுவதற்கு அதிகாரிகள் ஆதாரம் ஜோடிக்கிறார்கள். அந்த ஜோடனையை நாம் பார்த்துவிட்டதால், தாதா வேதா சொல்லும் ஒவ்வொரு கதையும் போலீஸ் அதிகாரி விக்ரமைப் போலவே நம்மையும் குடைகிறது.

வெற்றிமாறனின் ‘விசாரணை’ இன்னும் ஒரு படி மேலே போகிறது. கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் தன் அனுபவத்தை எழுதிய ‘லாக்கப்’ நாவல்தான் அதற்கு அடிப்படை. படம் 2015இல் வெனிஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. அதில் ஒரு கட்டத்தைக் கவனியுங்கள். குண்டூர் போலீஸின் சித்திரவதையிலிருந்து தப்பி வந்த தமிழ்த் தொழிலாளிப் பையன்களைச் சென்னையில் ஸ்டேஷனைச் சுத்தம் செய்யச் சொல்கிறார்கள். அவர்கள் பெருக்கிக்கொண்டும் கழுவிக்கொண்டும் இருக்க, அதே கட்டடத்தில் ஒரு ஆடிட்டர் காவலில் சாகிறார். அதை மறைக்கும் பேச்சு இவர்கள் காதில் விழுகிறது. ஒரு என்கவுன்ட்டர் எப்படித் தயாராகிறது என்பதை அதற்குப் பலியாகப்போகிறவர்களின் காதுவழியே நாமும் கேட்கிறோம். அரங்கில் யாருக்கும் விசிலடிக்கத் தோன்றாது.

த.செ. ஞானவேலின் ‘வேட்டையன்’ (2024) சரியான கேள்வியோடுதான் புறப்பட்டது. ரஜினிகாந்த் நடித்த, என்கவுன்ட்டருக்குப் பெயர்போன அதிகாரி, குற்றமற்றவனைச் சுட்டுவிடுகிறார். துணிச்சலான கரு. ஆனால் உண்மைக் குற்றவாளியை அவரே தேடிப் பிடிக்கும் சாகசத்தில் அந்தக் குற்ற உணர்ச்சி கரைந்துபோகிறது. ரஜினிகாந்தைக் கூண்டில் ஏற்ற வணிக சினிமாவுக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

4. ஒரு மறுப்புரை

‘படம் படம்தானே, பாடப் புத்தகமா?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நான் அறநெறி வகுப்பு கேட்கவில்லை. ஆனால் 2020இல் சாத்தான்குளத்தில் போலீஸ் காவலில் வதைக்கப்பட்டுத் தந்தையும் மகனும் இறந்தபோது, ‘சாமி’, ‘சிங்கம்’ வரிசைகளை இயக்கிய ஹரி, காவல்துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்ததற்காக வேதனைப்படுவதாக அறிக்கை வெளியிட்டார். படம் வேறு, ஸ்டேஷன் வேறு என்று படைத்தவராலேயே அன்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. விமர்சகர்கள் மட்டும் ஏன் பிரிக்க வேண்டும்?

இங்கே இருக்கும் மாணவர்களில் சிலர் நாளை விமர்சனம் எழுதப்போகிறீர்கள். பின்னணி இசை அதிர்ந்ததா, இடைவேளைக் காட்சி தெறித்ததா என்று எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நீங்கள் வேறு மூன்று கேள்விகளைக் கேளுங்கள். செத்தவனுக்குப் பெயர் இருந்ததா? அவன் வீட்டுக்கு யார் போய்ச் சொன்னார்கள்? எஃப்.ஐ.ஆர். யார் போட்டார்கள்? படத்தில் பதில் இருந்தால் அந்த இயக்குநர் உழைத்திருக்கிறார், தாராளமாகப் பாராட்டுங்கள். இல்லையென்றால், கதையின் மிகச் சிறந்த காட்சியை எடுக்காமலே விட்டுவிட்டார் என்று தயங்காமல் எழுதுங்கள்.