கருவிக்கு ஓர் இடம்

(மும்பை தாராவியில், இரவு வகுப்பில் படிப்பவர்களிடம் ஒரு தச்சர் பேசிய பேச்சு)



நான் தச்சு வேலை செய்கிறவன். கூட்டத்தில் பேசிப் பழக்கம் இல்லை. "உங்கள் பட்டறையில் கருவிகளை அடுக்கி வைத்திருக்கிறீர்களே, அதைப் பற்றிப் பேசுங்கள்" என்று டீச்சர் சொன்னார். அதனால் வந்தேன்.

நம் தாராவியைப் பற்றி உங்களுக்குத் தெரியும். தோல் வேலை, தையல் வேலை, பானை வேலை எல்லாம் சின்னச் சின்ன அறைகளில் நடக்கின்றன. என் பட்டறையும் அப்படித்தான். 10 அடி அகலம், 12 அடி நீளம். அதற்குள் மரம், பலகை, வேலை மேசை, கருவிகள், இரண்டு ஆட்கள்.

முன்பு என் கருவிகள் எல்லாம் ஒரே கூடையில் கிடக்கும். சுத்தியல், உளி, அரம், குறடு, திருப்புளி எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். ஒருநாள் அவசரமாகக் கூடைக்குள் கையை விட்டேன். உளியின் முனை உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. 4 தையல் போட்டார்கள். 12 நாள் வேலை இல்லை. அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை.

ஒரு பையனும் ஓர் உளியும்

என்னிடம் ஓர் உளி இருந்தது. அரை அங்குல உளி. என் அப்பா கொடுத்தது. ஒருநாள் மாலை அதைக் காணவில்லை. கூடையைக் கொட்டித் தேடினேன். கிடைக்கவில்லை.

அப்போது பீகாரிலிருந்து வந்த பையன் ஒருவன் என்னிடம் வேலை பழகினான். அவனுக்கு 18 வயது. "நீதான் எடுத்தாய்" என்று நான் அவனிடம் சொன்னேன். "நான் எடுக்கவில்லை உஸ்தாத்" என்று அவன் அழுதான். நான் கேட்கவில்லை. கூலியைக் கணக்குப் பார்த்துக் கொடுத்தேன். போகச் சொல்லிவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து மழைக்காலம் வந்தது. பட்டறைக்குள் தண்ணீர் வந்துவிட்டது. சுவரில் சாய்த்து வைத்திருந்த பலகைகளை நகர்த்தினேன். அடியில் உளி கிடந்தது. துருப்பிடித்துச் சிவந்து போயிருந்தது. அதை அங்கே வைத்தது நான்தான். அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அவன் தங்கியிருந்த அறைக்குப் போனேன். அவன் வேறு ஊருக்குப் போய்விட்டான் என்றார்கள். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. நான் அவனிடம் மன்னிப்புக் கேட்கவே முடியவில்லை. இன்றைக்கும் அது என் மனதில் இருக்கிறது.

அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். என் பட்டறையில் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் இடம் வேண்டும். கருவி அங்கே இல்லை என்றால் உடனே தெரிய வேண்டும்.

கருவிப் பலகை

கடையில் எதுவும் வாங்கவில்லை. வேலையில் மிஞ்சிய பிளைவுட் துண்டு ஒன்றை எடுத்தேன். தரையில் போட்டேன். அதன்மேல் கருவிகளைப் பரப்பி வைத்தேன். ஒவ்வொரு கருவியையும் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டேன். கோட்டுக்குள் சிவப்புப் பெயின்ட் அடித்தேன். பிறகு ஆணி அடித்து, கருவிகளை அவற்றின் படத்தின்மேல் மாட்டினேன்.

இப்போது சுத்தியலை எடுத்தால் சிவப்புச் சுத்தியல் படம் தெரியும். மாலையில் ஒருமுறை பலகையைப் பார்த்தால் போதும். சிவப்பு தெரிந்தால் ஏதோ ஒரு கருவி வெளியே கிடக்கிறது என்று அர்த்தம். வீட்டுக்குப் போகும் முன்பே தேடி எடுத்துவிடலாம். யார்மேலும் சந்தேகப்பட வேண்டாம்.

இந்தப் பலகையை மாட்டும்போது சிலவற்றைக் கவனிக்க வேண்டும்.

அடிக்கடி எடுக்கும் கருவிகள் நெஞ்சு உயரத்திலிருந்து கண் உயரம் வரை இருக்கட்டும். கனமான கருவிகளைக் கீழே மாட்டுங்கள். மேலே மாட்டினால் தலையில் விழும். பலகையைச் சுவரோடு ஒட்டி அடிக்க வேண்டாம். பின்னால் ஓர் அங்குலக் கட்டை வைத்து அடியுங்கள். மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. சுவர் ஓதம் காக்கும். அந்த ஈரம் கருவிக்கு வரக்கூடாது.

வீணாகும் பொருளே போதும்

மற்ற இடங்களுக்கும் பழைய பொருள்களையே பயன்படுத்தினேன்.

பஞ்சரான சைக்கிள் டியூபை நீளமாக வெட்டினேன். அதைப் பலகையில் வைத்து, இரண்டு அங்குலத்துக்கு ஓர் ஆணி அடித்தேன். இரண்டு ஆணிக்கு நடுவில் டியூபைக் கொஞ்சம் தளர்வாக விட்டேன். அந்த இடைவெளியில் திருப்புளி, அரம், பென்சில் நிற்கும்.

பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகளையும் சுவர்ப் பலகையில் திருகாணி போட்டு மாட்டலாம். அதில் குறடு நிற்கும்.

உளிக்கு மட்டும் தனி இடம் வேண்டும். ஒரு கட்டையில் வரிசையாகத் துளை போட்டேன். கைப்பிடி மேலே, கூர் கீழே. கூர் தெரியும் பக்கத்தை ஒரு மெல்லிய பலகையால் மூடிவிட்டேன். இனி யார் கையும் அதில் படாது. ரம்பத்தின் பல்லுக்கும் உறை உண்டு. பழைய தண்ணீர்க் குழாயை நீளவாக்கில் கீறி, பல்லின்மேல் மாட்டிவிட்டேன்.

இழைப்புளியை வேலை முடிந்ததும் படுக்க வைக்கிறேன். இல்லையென்றால் முன்பக்கம் ஒரு சின்னக் கட்டையைக் கொடுத்து வைக்கிறேன். அப்போது தகடு தரையில் உரசாது.

ஆணிக்கும் திருகாணிக்கும் மூடி போட்ட பாட்டில்கள் இருக்கின்றன. பாட்டிலின் மூடியைத் தட்டுப் பலகையின் அடியில் திருகாணியால் பொருத்தினேன். பாட்டிலைக் கீழிருந்து திருகினால் தொங்கும். ஒரு மூடிக்கு இரண்டு திருகாணி போட வேண்டும். ஒன்று போட்டால் பாட்டிலைத் திருகும்போது மூடியும் சேர்ந்து சுற்றும். பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்தே தெரியும்.

உடைந்த ரேடியோவின் ஒலிபெருக்கியில் காந்தம் இருக்கும். அதைக் கழற்றி மேசை ஓரத்தில் வைத்திருக்கிறேன். கீழே சிந்திய சின்ன ஆணிகளை அதனால் பொறுக்கலாம்.

ஆயுத பூசைக்கு வருடம் ஒருமுறை கருவிகளைத் துடைத்துப் பொட்டு வைக்கிறோம். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறையாவது துடைக்க வேண்டும். மெஷின் எண்ணெய் தொட்ட துணியால் இரும்பைத் துடைத்தால் போதும். துரு அண்டாது.

எழுத்து வந்ததும்

கருவிப் பலகை செய்தபோது எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால்தான் படம் வரைந்தேன். அதுவும் நல்லதாகவே ஆயிற்று. என்னிடம் வேலை செய்பவர்களில் ஒருவர் இந்தி பேசுவார். இன்னொருவர் மராத்தி பேசுவார். படம் எல்லோருக்கும் புரியும்.

பிறகு இந்த வகுப்புக்கு வந்தேன். முதலில் என் பெயரை எழுதினேன். அடுத்து நான் ஆசையாக எழுதிய சொல் "உளி". ஒவ்வொரு படத்தின் கீழும் கருவியின் பெயரை எழுதி ஒட்டினேன். பாட்டிலில் "1 அங்குல ஆணி", "2 அங்குல ஆணி" என்று எழுதினேன்.

இப்போது ஒரு நோட்டும் வைத்திருக்கிறேன். யாராவது கருவி கடன் கேட்டால் கொடுப்பேன். தேதி, பெயர், கருவி மூன்றையும் எழுதிக்கொள்வேன். திரும்பி வந்ததும் அடித்துவிடுவேன். முன்பு இதற்காக எத்தனை பேரோடு சண்டை! இப்போது சண்டை இல்லை.

வெளி வேலைக்குப் போகும்போது எடுத்துப் போகும் பையிலும் ஒரு பட்டியல் தைத்து வைத்திருக்கிறேன். அதில் 14 கருவிகளின் பெயர் இருக்கிறது. போகும்போது எண்ணுவேன். திரும்பும்போது எண்ணுவேன்.

கணக்குப் பாருங்கள்

கருவி தேடுவதில் ஒரு தடவைக்கு 5 நிமிடம் போகிறது என்று வையுங்கள். நாளைக்கு 6 தடவை தேடினால் 30 நிமிடம். மாதம் 26 நாள் வேலை செய்தால் 13 மணி நேரம். அதாவது ஒன்றரை நாளுக்கு மேல் கூலி போகிறது.

2023 செப்டம்பர் 17 அன்று மத்திய அரசு பி.எம். விஸ்வகர்மா என்ற திட்டத்தைத் தொடங்கியது. தச்சர், கொல்லர், குயவர், தையல்காரர் என்று 18 தொழில் செய்பவர்களுக்கான திட்டம் அது. கருவிகள் வாங்க 15,000 ரூபாய் வரை உதவியும் அதில் சேர்ந்திருந்தது. புதுக் கருவி யாருக்கு வந்தாலும், அதையும் பழைய கூடையில் போட்டால் என்ன பயன்?

பட்டறை வைத்திருப்பவர்களுக்கு மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. தையல் மெஷின் வைத்திருக்கும் அக்காவுக்குக் கத்தரிக்கோல் இருக்கிறது. சமையலறையில் அரிவாள்மணை இருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஓர் இடம் வேண்டும்.

போன மாதம் ஒருநாள் மாலை பலகையில் சிவப்பு தெரிந்தது. மூலமட்டம் இல்லை. என்னிடம் புதிதாக வேலை பழகும் பையன் பயந்துபோய் என் முகத்தைப் பார்த்தான். "வா, இரண்டு பேரும் தேடுவோம்" என்றேன். மேசைக்கு அடியில் மரச்சீவலுக்குள் கிடந்தது. அவனே எடுத்து மாட்டினான்.

இவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியும். என் பட்டறைக்கு ஒருநாள் வாருங்கள், காட்டுகிறேன். வணக்கம்.

பேசிப் பாருங்கள்

1. பையன்மேல் தச்சருக்கு ஏன் சந்தேகம் வந்தது?
2. கருவிப் பலகை இருந்திருந்தால் அன்றைக்கு என்ன நடந்திருக்கும்?
3. உங்கள் வீட்டில் அடிக்கடி தேடும் பொருள் எது? அதற்கு எங்கே இடம் கொடுப்பீர்கள்?

செய்து பாருங்கள்

நீங்கள் வேலைக்குப் பயன்படுத்தும் கருவிகளின் பெயர்களை நோட்டில் எழுதுங்கள். நாளை மாலை அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு எண்ணிப் பாருங்கள்.