உடையில் ஒளிந்த பொருள்



தில்லிக்கு வேலைக்கு வந்த புதிதில், மேலதிகாரி ஒருவர் நம்மை நோக்கி, 'புல் அப் யுவர் சாக்ஸ்' என்றார். நம் காலில் கிடந்ததோ செருப்பு. மறுநாளே காலுறையும் பூட்சும் வாங்கி அணிந்து சென்றோம். வேலையிலிருந்த சுணக்கத்தை மட்டும் திருத்திக்கொள்ளவில்லை. அவ்வாண்டுச் சம்பள உயர்வு நின்றபோதுதான், அது உடையைப் பற்றிய பேச்சன்று, எச்சரிக்கை என்பது விளங்கிற்று.

இத்தகைய தொடர்களைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துப் பயனில்லை. நம் மொழியில் ஒப்பானது யாது எனத் தேடுதல் நலம். ஊக்கத்தோடு வேலையில் இறங்குவதை ஆங்கிலேயர் 'ரோல் அப் யுவர் ஸ்லீவ்ஸ்' என்பர். அவர்கள் சட்டைக் கையைச் சுருட்டுகிறார்கள், வேட்டி உடுத்த நாமோ வரிந்து கட்டுகிறோம். செலவைச் சுருக்க அவர்கள் பெல்ட்டை இறுக்குவர். நம்மவர் வயிற்றில் ஈரத்துணியைக் கட்டிக்கொள்வர். நம்முடையது இன்னும் கொடிய வறுமை!

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். 'ஏப்ரன் ஸ்டிரிங்ஸ்' என்னும் சமையலறை மேலாடையின் நாடாவை நம் முந்தானையோடு ஒப்பிடத் தோன்றும். அந்நாடாவில் கட்டுண்டவன் பெரும்பாலும் தாயை விட்டு அகலாத மகன். நம் முந்தானையில் முடிந்துவைக்கப்படுபவனோ கணவன். மாற்றி வழங்கினால், விருந்துக்கு அழைத்த வீட்டில் மனத்தாங்கல் நேரும்.