தீவுக்கு வந்த தலைவர்களும் நாம் காட்டும் ஊரும்

(மதுரை, சிம்மக்கல்லில் கூடிய ஊராட்சி உறுப்பினர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



அடுத்த மாதம் அமைச்சர் நமது வட்டாரத்திற்கு வருகை தர இருக்கிறார். அலங்கார வளைவு எங்கே, பந்தல் எங்கே என்பதைப் பற்றியே இதுகாறும் பேசினோம். இவ்வேளையில் அந்தமான் தீவுகளுக்குச் சென்ற தலைவர்களைப் பற்றிச் சிறிது கூற விரும்புகிறேன். கடல் கடந்த கதை நமக்கு எதற்கு என்று எண்ணவேண்டா.

1872 பிப்ரவரி 8ஆம் நாள், வைசிராய் மேயோ பிரபு அங்கே கைதிகளின் குடியேற்றத்தைப் பார்வையிட்டார். மாலையில் ஹாரியட் மலையினின்று இறங்கிப் படகுத் துறைக்கு வந்தபோது, ஷேர் அலி என்னும் கைதி அவரைக் குத்திக் கொன்றார்.

1939இல் நம் மதுரைக்கு வந்த நேதாஜியை இங்குள்ளோர் நன்கறிவர். அவர் 1943 டிசம்பர் 29இல் அந்தமான் சென்றார். மறுநாள் போர்ட் பிளேரில் மூவண்ணக் கொடியை ஏற்றினார். தீவுகள் அப்போது ஜப்பானியர் வசம் இருந்தன. அவர்கள் நேதாஜிக்குச் செல்லுலார் சிறையைச் சுற்றிக் காட்டினார்கள். அதே சிறையில், ஒற்றர் என்று குற்றஞ்சாட்டப்பட்ட டாக்டர் திவான் சிங் முதலான இந்தியர் பலர் சித்திரவதைப்பட்டுக் கிடந்தனர். அந்தப் பகுதியை மட்டும் அவருக்குக் காட்டவில்லை. அவர் விடைபெற்றுச் சென்ற சில நாட்களில், 1944 ஜனவரி 14இல், திவான் சிங் உயிர் துறந்தார். அம்மாத இறுதியில் ஹம்ப்ரிகஞ்சில் 44 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

வந்தவர் நாட்டிற்காக யாவற்றையும் துறந்தவர். ஆயினும் அவர் கண்டது, காட்டியவர்கள் காட்டியதைத்தான்.

1984இல் இந்திரா காந்தி அம்மையார் பெரிய நிக்கோபார் சென்றார். அதன் தென்கோடிக்குப் பின்னர் இந்திரா முனை என்று பெயரிட்டனர். 2004 ஆழிப்பேரலையின்போது அந்நிலம் ஏறத்தாழ நான்கு மீட்டர் தாழ்ந்தது. கலங்கரை விளக்கத்தின் அடி கடல்நீரில் நின்றது.

பிறரைக் குறை கூற எனக்குத் தகுதியில்லை. நான் பணியில் சேர்ந்த புதிதில், அமைச்சர் வரும் வழியில் இடிந்து கிடந்த குடிநீர்க் கிணறு தெரியாதபடி பந்தலைப் போட்டவன் நானே. ஏற்பாடு நன்று என்று பாராட்டும் கிடைத்தது. அமைச்சர் திரும்பினார்; பந்தலைப் பிரித்தோம்; பெண்கள் பழையபடி அடுத்த ஊருக்குக் குடத்துடன் நடந்தார்கள்.

எனவே, இம்முறை வண்டி செல்லும் வழியைக் கடைமடை வாய்க்கால் ஓரமாக அமைத்திருக்கிறேன். தூர்ந்துபோன மடையைத் தழை போட்டு மறைக்கவேண்டா. அங்கே பயிர் கருகிய நிலத்துக்காரர்களே முன்னே நிற்கட்டும். மனுவில் மடையின் அளவும், பாசனம் பெறவேண்டிய நிலத்தின் பரப்பும் தெளிவாக இருக்கட்டும். வரைபடம் என் அலுவலகத்தில் இருக்கிறது. திங்கட்கிழமை வந்து படி எடுத்துக்கொள்ளலாம்.