நிறைவாழ்வுக்கு எது அளவுகோல்?

(பொன்விழாப் பொதுக்கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



நம் கோவில் எழும்பிய வரலாற்றை எனக்கு முன் பேசியவர்கள் அழகாக எடுத்துரைத்தார்கள். ஆகவே நான் வேறொரு காரியத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

வீடு மந்திரிக்கப் போகும் இடங்களில் நம் இளைஞர்கள் என்னிடம் கேட்பதுண்டு: "சாமி, எந்த நாட்டுக்குப் போனால் நன்றாக வாழலாம்?" சம்பளம் அதிகமுள்ள நாட்டைச் சொல்லுவேன் என்று எதிர்பார்க்கிறார்கள். நல்ல சம்பளமும் நல்ல வாழ்வும் ஒன்றுதானா? இரண்டு நாடுகளை அருகருகே வைத்துப் பார்ப்போம்.

ஒன்று அமெரிக்க ஐக்கிய நாடு. மற்றொன்று மத்திய அமெரிக்காவில் நிக்கராகுவாவுக்கும் பனாமாவுக்கும் இடையே உள்ள கோஸ்டா ரிக்கா. காப்பியும் வாழையும் விளையும் சிறு நாடு. மக்கள் தொகை ஏறத்தாழ 50 லட்சம். 2023-ஆம் ஆண்டுக் கணக்கில் அமெரிக்காவின் வருமானம் தலைக்கு 80 ஆயிரம் டாலருக்கு மேல். கோஸ்டா ரிக்காவில் அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால் ஆயுளைப் பாருங்கள்! அதே ஆண்டில் அமெரிக்கரின் சராசரி ஆயுள் 78 வயதுக்குச் சற்று மேல். கோஸ்டா ரிக்கா மக்களுடையது 80-ஐத் தாண்டியது.

இதன் காரணம் என்ன? அமெரிக்காவில் சிறந்த மருத்துவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். ஆனால் அங்கே பலருக்கு வேலை போனால் மருத்துவக் காப்பீடும் போய்விடும். 2023-இல் காப்பீடு இல்லாதோர் இரண்டரைக் கோடிப் பேருக்கு மேல். போதைப்பொருளால் 2021 முதல் 2023 வரை ஆண்டுதோறும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டார்கள்.

கோஸ்டா ரிக்காவின் கதையோ நாம் பெருமைப்படத்தக்கது. பாப்பரசர் 13-ஆம் சிங்கராயர் 1891-இல் தொழிலாளர் நிலை பற்றிச் சுற்றுமடல் எழுதினார். பெல்ஜியத்தில் மருத்துவம் பயின்று அந்தப் போதனையில் ஊறிய ரபேல் கால்டெரோன் குவார்டியா, 1940-இல் நாட்டின் தலைவரானார். 1941-இல் சமூகக் காப்பீட்டு நிறுவனமும், 1943-இல் தொழிலாளர் சட்டமும் வந்தன. சான் ஹோசே பேராயர் விக்தோர் சனாப்ரியா அவருக்குத் துணை நின்றார்.

1948-இல் உள்நாட்டுப் போர் மூண்டது. கால்டெரோனின் எதிரியான ஹோசே பிகேரஸ் வென்றார். வென்றவர் தோற்றவரின் நற்சட்டங்களை அழிக்கவில்லை, அவற்றைக் காத்தார். அவர் கலைத்தது இராணுவத்தை! பங்குப்பேரவை மாறியதும் பழைய பேரவை செய்ததையெல்லாம் புரட்டிப்போட நினைக்கும் நமக்கு இது நல்ல பாடம் அன்றோ?

பின்னர் 1990-களில், சில ஆயிரம் பேருக்கு ஒரு மருத்துவக் குழு என அமைத்தார்கள். அக்குழுவின் ஊழியர் வீடு வீடாகச் செல்கிறார். தடுப்பூசி போட்டாயிற்றா, கிழவர் மருந்து சாப்பிடுகிறாரா, கர்ப்பிணி எப்படியிருக்கிறாள் என்று விசாரிக்கிறார். நோயாளி ஆஸ்பத்திரியைத் தேடி வருமுன் ஆஸ்பத்திரி அவரைத் தேடிப் போகிறது.

அதற்காக அந்நாட்டைச் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. அரசு ஆஸ்பத்திரிகளில் அறுவைச் சிகிச்சைக்கு நெடுநாள் காத்திருக்க வேண்டும். 2023-இல் 900-க்கு மேற்பட்ட கொலைகள் நடந்தன, அவற்றில் பல போதைப்பொருள் கும்பல்களால் நேர்ந்தவை. அமெரிக்காவிலோ கல்வியும் உழைப்புக்கேற்ற ஊதியமும் உண்டு. அதனால் நம் குடும்பங்கள் பல தலைநிமிர்ந்தன. போகிறவர்களை நான் தடுக்கவில்லை. அளவுகோலை மாற்றுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

இப்போது ஒன்றை உங்கள் முன் ஒப்புக்கொள்ள வேண்டும். சென்ற ஆண்டு நம் பங்கில் ஒரு தாய் தனியே இறந்தார். இரண்டு நாள் கழித்துத்தான் கதவைத் திறந்தோம். மாதந்தோறும் பணம் வந்தது. வீட்டில் குளிர்பெட்டி, தொலைக்காட்சி எல்லாம் இருந்தன. இருமுறை திருப்பலிக்கு வராததைக் கவனித்தேன். விழா வேலையில் மறந்துபோனேன். அவருடைய பிள்ளைகளை நான் குறை சொல்ல முடியாது. அவர்கள் கடலுக்கு அப்பால் இருந்தார்கள். நான் நான்கு தெருவுக்கு அப்பால் இருந்தேன்.

கோஸ்டா ரிக்கா பணத்தால் பெரிதாகவில்லை, கதவைத் தட்டியதால் பெரிதாயிற்று. நமக்கு அரசாங்கக் கஜானா இல்லை. ஆனால் கால்கள் உண்டு. ஆகவே இப்பொன்விழா ஆண்டில் ஒரு தீர்மானம் செய்வோம். தனித்து வாழும் முதியோரின் பட்டியலை வின்சென்ட் தே பவுல் சபையார் தயாரித்திருக்கிறார்கள். அதில் 31 வீடுகள் உள்ளன. வாரம் ஒருமுறையேனும் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் நம்மில் ஒருவர் தட்ட வேண்டும். முதல் ஐந்து வீடுகள் என் பொறுப்பு. மீதி 26-க்குக் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள். பட்டியல் இதே மேசைமேல் இருக்கிறது.

நமக்கு நிறைவாழ்வு தர வந்த ஆண்டவர் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக!