மொறீசியஸ் தீவிற் பத்து நாள்

கப்பலேறித் தேசங்களைக் காணச் சென்றோர் எழுதிவைத்த குறிப்புகளுள், அவர்தம் பெரும் ஆராய்ச்சிகளைக் காட்டிலும், நண்பரோடு ஓய்வாகத் திரிந்த நாள்களைப் பற்றிய பகுதிகளே சில வேளைகளில் நெஞ்சிற் பதிந்து நிற்கின்றன. உயிரினங்களின் தோற்றம் பற்றி 1859 இல் நூலெழுதி உலகைக் கலக்கிய சாள்ஸ் டார்வின் மொறீசியஸ் தீவிற் கழித்த பத்து நாள்கள் அத்தகையன.

1836 ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் 29 ஆம் நாள், ‘பீகிள்’ என்னும் பாய்க்கப்பல் அத்தீவின் வடமுனையைச் சுற்றிவந்து போட் லூயிஸ் துறைமுகத்தை அடைந்தது. இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டு நான்கு ஆண்டும் நான்கு மாதமும் கழிந்திருந்தன. டார்வினுக்கு அப்போது வயது 27. கடல் அவருக்கு ஒருபோதும் ஒத்துவந்ததில்லை. கப்பல் ஆடத் தொடங்கினால் தலைசுற்றலும் குமட்டலும் அவரைப் படுக்கையிற் கிடத்திவிடும். வீட்டு நினைவு அதனினும் பெரிய நோயாயிருந்தது. தம் சகோதரிக்கு அங்கிருந்து எழுதிய கடிதத்தில், கப்பலிலுள்ளார் எல்லாரையும் ஊர் ஏக்கம் பிடித்திருப்பதை அவர் வேடிக்கையாகக் குறிப்பிடுகின்றார். அந்நிலையில் உள்ளவனுக்குத் தரை எத்துணை இனியது என்பதைக் கப்பற் பயணம் செய்தவர்களே அறிவர்.

இங்கிலீசர் அத்தீவைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து 1810 இற் கைப்பற்றியிருந்தனர். ஆயினும் நகரம் பிரெஞ்சு நகரமாகவே இருந்தது. கடைகள் எல்லாம் பிரெஞ்சுக் கடைகள். இங்கிலீசரும் தம் வேலைக்காரரோடு பிரெஞ்சு மொழியிலேயே பேசினர். கொடி மாறுவது ஒருநாட் காரியம். நாக்கு மாறுவது அப்படியன்று. ஒழுங்கான வீதிகளும், சிறியதோர் நாடகசாலையும், நூல்கள் நிறைந்த புத்தகக் கடைகளும் டார்வினை மகிழ்வித்தன.

அவ்வீதிகளிலேதான் அவர் இந்தியக் கைதிகளைக் கண்டார். ஆயுட்காலம் முழுவதற்கும் நாடுகடத்தப்பட்ட ஏறக்குறைய 800 பேர் பொது வேலைகளில் ஈடுபடுத்தப்பட்டிருந்தனர். இந்திய மக்கள் இத்துணைக் கம்பீரமான தோற்றமுடையவர்கள் என்பதைத் தாம் அதற்குமுன் எண்ணியதே இல்லை என்று அவர் எழுதுகின்றார். முதியோரின் வெண்மையான மீசையும் தாடியும், கரிய மேனியும், கண்களில் இருந்த கனலும் அவர் மனத்தைக் கவர்ந்தன. அவர்களுட் பலர் கொலை முதலிய பெருங்குற்றம் செய்தவர். வேறு சிலரோ, தம் மத நம்பிக்கை காரணமாக இங்கிலீசரின் சட்டத்துக்குப் பணியாதவர். பின்னவர் செய்ததை ஒழுக்கக்கேடு என்று சொல்லுதல் அரிது என்பது டார்வினின் கருத்து. அவர்களுடைய அமைதியையும் தூய்மையையும் அவர் பாராட்டத் தவறவில்லை. வேடிக்கை பார்க்கச் சென்றவன் கைதியை மனிதனாகக் காண்பது எளிதன்று. இளைஞரான டார்வின் கண்டார்.

இலங்கையருக்கு இங்கே வேறொரு நினைவும் எழும். கண்டி இராச்சியத்தின் பெருந்தலைவருள் ஒருவரான எகெலப்பொலை 1825 இல் இதே தீவுக்கு நாடுகடத்தப்பட்டு, 1829 இல் அங்கேயே இறந்தார். டார்வின் வந்திறங்கியபோது அவர் மறைந்து ஏழாண்டுகள் ஆகியிருந்தன.

மே 2 ஆம் நாள் டார்வின் நகரின் பின்னே எழும் ‘லா பூஸ்’ மலைமீது ஏறினார். பெருவிரல்போல் முனை நீட்டி நிற்பதால் வந்த பெயர் அது. உயரம் ஏறக்குறைய 2,600 அடி. மறுநாள் தீவின் நில அளவைத் தலைவரான கப்டன் லொயிட் அவரையும் நண்பர் ஸ்டோக்ஸையும் தம் நாட்டுப்புற இல்லத்துக்கு அழைத்தார். ஸ்டோக்ஸ் கப்பலில் டார்வினோடு ஒரே அறையைப் பகிர்ந்துகொண்டவர். கடலளவை வேலையில் தேர்ந்தவர். குளிர்ந்த காற்று வீசும் அவ்வுயர்ந்த இடத்தில் இருவரும் இரண்டு நாள் தங்கினர்.

மே 5 ஆம் நாள், கடல்மட்டத்துக்கு மேலே உயர்ந்து கிடந்த பவளப்பாறைகளைக் காண லொயிட் அவர்களைத் தெற்கே கறுப்பாற்றுக்கு அழைத்துச் சென்றார். பவளப்பாறைகளின் அமைப்புப் பற்றி டார்வின் 1842 இல் வெளியிட்ட நூலை அறிந்தோருக்கு அவர் ஆவல் விளங்கும். வழியெங்கும் எரிமலைக் கற்பாறைகளிடையே கரும்பு செழித்திருந்தது. வீடுகளுக்கு முன்னே மாமரச் சாலைகள். அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் அத்தீவில் நடைமுறைக்கு வந்தது 1835 இலேதான். இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவருதலும் 1834 இலேயே தொடங்கியிருந்தது. வழிப்போக்கன் கண்ட பசுமைக்குப் பின்னே இத்தனையும் இருந்தன.

லொயிட்டிடம் ஒரு யானை இருந்தது. அக்காலத்தில் அத்தீவில் இருந்த யானை அது ஒன்றே. நண்பர்கள் இந்திய முறையிற் சவாரி செய்து மகிழட்டும் என்று பாதிவழிக்கு அதனை அனுப்பிவைத்தார். இலங்கையிற் சிறுபிள்ளைக்கும் தெரிந்த ஒன்று டார்வினுக்குப் பெருவியப்பாயிற்று: அத்துணைப் பெரிய விலங்கு அடியெடுத்து வைக்கும்போது ஓசையே எழவில்லை! இத்தகைய நிம்மதியான இல்லங்களில் வாழ்நாளைக் கழித்தல் எத்துணை இனிதாகும் என்னும் எண்ணமும் அத்தீவில் அவருக்கு எழுந்தது.

மே 9 ஆம் நாள் கப்பல் நன்னம்பிக்கை முனையை நோக்கிப் பாய் விரித்தது. அக்டோபர் 2 ஆம் நாள் அது இங்கிலாந்தை அடைந்தது. அதன்பின் 45 ஆண்டுக்கு மேல் வாழ்ந்த டார்வின், பிரித்தானியாவை விட்டு மறுபடி வெளியே செல்லவேயில்லை.