ஒரு சோதனை போதுமா?

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



விழா நாளில் நோயைப் பற்றிய பேச்சா என்று தாங்கள் எண்ணக்கூடும். பிறக்கப்போகும் குழந்தையின் நலம் பற்றியதாகலின், இதனை மங்கலப் பேச்சாகவே கொள்ள வேண்டுகிறேன்.

இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி பரவியிருப்பதை 1986-ஆம் ஆண்டில் முதன்முதலாகக் கண்டறிந்தவர்கள், சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவர்தம் மாணவி நிர்மலாவுமே. சிகிச்சையின்றி விட்டால், இக்கிருமியுற்ற தாய்மார் பெறும் நூறு குழந்தைகளில் 15 முதல் 45 வரை தொற்றுக்கு ஆளாகக்கூடும். தாய் தவறாது மருந்துண்டால், இன்று அதனை 5-க்கும் கீழே குறைக்க இயலும்.

ஆயினும் ஒரு வாயில் திறந்தே கிடக்கிறது. கருவுற்ற தொடக்கத்தில் செய்த சோதனையில் 'தொற்றில்லை' என்று வந்தது, குடும்பத்தார் நிம்மதியுற்றனர். அதன்பின், பேற்றுக்கு முன்னரோ பாலூட்டும் காலத்திலோ தொற்று ஏற்பட்டால் என் செய்வது? புதிதாகத் தொற்றிய வாரங்களில் கிருமி இரத்தத்தில் மிகப் பெருகி நிற்கும்; தாய்ப்பாலிலும் மிகும். ஆதலால் புதிய தொற்றே குழந்தைக்குப் பேராபத்து. சிலருக்குச் சில நாள் காய்ச்சல் வரும்; சிலருக்கு அதுவும் இராது. சோதனையில் தென்படவும் சில வாரங்கள் ஆகலாம்.

ஊர்விட்டு வாழும் நமக்கு இதில் தனிக் கவனம் வேண்டும். முதற்சோதனை இங்கே, வளைகாப்புக்குப் பின் தாய்வீட்டுப் பயணம், பேறு அங்கே. இரண்டு ஊருக்கும் நடுவில் மறுசோதனை விட்டுப்போவது எளிது. வேலையின் பொருட்டு இங்கேயே தங்கிவிடும் கணவரைச் சோதிக்க எவர்க்கும் தோன்றுவதில்லை. மணமான பெண்டிர்க்குத் தொற்று பெரும்பாலும் கணவர் வழியாகவே வருகிறது என்பதை நாம் மறத்தலாகாது.

ஆகவே, வளைகாப்புப் புடவையோடு சோதனைச் சீட்டும் பெட்டியில் செல்லட்டும். பேறு நெருங்கும் மாதங்களில் மறுசோதனை வேண்டுமென்று மருத்துவரிடம் கேளுங்கள். கணவரும் சோதித்துக்கொள்ளட்டும், அதைக் கேட்பது ஐயமன்று, அன்பே. தொற்றிருப்பின் தாய்க்கு உடனே மருந்து தொடங்கலாம். பிறந்த குழந்தைக்கும் தடுப்பு மருந்துண்டு. அரசு மருத்துவமனைகளில் இச்சோதனை இலவசம். தமிழ்நாட்டில் அவ்விடங்களை நம்பிக்கை மையம் என்பர். 1097 என்ற தொலைபேசி எண்ணிலும் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம்.

இரகசியம் காக்க 2017-ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளது. ஆனால் அண்டை வீட்டாரின் வாயைச் சட்டம் கட்டாது. அதைக் கட்ட வேண்டியவர்கள் நாமே. பழிச்சொல்லுக்கு அஞ்சி ஒரு தாய் சோதனையைத் தவிர்த்தால், அதன் விலையைக் கொடுப்பது அவள் குழந்தை. நம் காலனியில் அந்நிலை வாராது காப்போமாக.