சுவரில் ஏறிய நட்சத்திரங்கள்

சம்பளம் தவிர வேறு எது ஒரு சுகாதாரப் பணியாளருக்கு ஊக்கம் தரும் என்ற கேள்விக்குத் தெளிவான பதில் ஒன்று, ஜாம்பியாவின் தலைநகர் லுசாகாவிலுள்ள முடியலங்காரக் கடைகளிலிருந்து கிடைத்தது. எச்.ஐ.வி. பரவல் மிகுந்த அந்த நகரில் பெண்ணுறைகளை மக்களிடம் கொண்டுசேர்க்கும் பொறுப்பு அந்தக் கடைகளில் வேலை செய்பவர்களிடம் தரப்பட்டது. நாற்காலியில் உட்கார்ந்தவர் பாதியில் எழுந்து போக முடியாது. பின்னல் போட்டு முடிய நேரம் பிடிக்கும். வெளியில் பேசக் கூசும் விஷயமும் அங்கே பேச்சோடு பேச்சாக வந்துவிடும்.

நவா அஷ்ரஃப், ஓரியானா பந்தியேரா, கெல்சி ஜாக் என்ற மூன்று பொருளியலாளர்கள் இந்தக் கடைக்காரர்களை நான்கு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு விற்ற விலையில் 90 சதவீதம் கிடைத்தது, இன்னொன்றுக்கு 10 சதவீதம், மூன்றாவதற்கு எதுவுமில்லை. நான்காவது பிரிவினரின் கடைச் சுவரில் வெப்பமானி வடிவில் ஒரு படம் மாட்டப்பட்டது. விற்பனை கூடக் கூட அதில் நட்சத்திர முத்திரைகள் மேலேறும். நிறைய விற்றவருக்கு ஒரு விழாவில் சான்றிதழ் உண்டு.

பலரும் 90 சதவீதத்தின் மேல்தான் பந்தயம் கட்டியிருப்பார்கள். 2014-இல் வெளியான ஆய்வின்படி, நட்சத்திரப் பிரிவினர் மற்ற எந்தப் பிரிவினரைக் காட்டிலும் இரு மடங்கு விற்றிருந்தார்கள். வருகிறவர் போகிறவர் எல்லாரும் அந்தப் படத்தைப் பார்க்கிறார்கள் அல்லவா? பக்கத்துக் கடைகளிலும் அதே படம் இருந்த இடங்களில் விற்பனையின் வேகம் இன்னும் கூடியது.

ஆனால் இப்படி ஒருவரை மற்றவரோடு ஒப்பிடுவது எல்லா இடத்திலும் உதவுவதில்லை. அதே ஜாம்பியாவில் சமுதாய சுகாதார உதவியாளர் பயிற்சியில் நடந்த இன்னொரு சோதனையில், மேலதிகாரியின் பாராட்டும் ஊரறியக் கிடைத்த அங்கீகாரமும் மதிப்பெண்ணை உயர்த்தின. சக மாணவரோடு வரிசைப்படுத்துவோம் என்று அறிவித்ததுமோ மதிப்பெண் இறங்கியது. படிப்பில் பின்தங்கியவர்களே அதிகம் சோர்ந்தார்கள்.

லுசாகாக் கடைக்காரர்களுக்கு வயிற்றுப்பாட்டுக்குச் சொந்தத் தொழில் இருந்தது. பெண்ணுறை விற்பனை அதன் ஓரத்தில் நடந்த வேலை. சுகாதாரப் பணியையே பிழைப்பாக நம்பியிருப்பவரின் கணக்கு வேறு. இந்தியாவில் ஆஷா என்று அழைக்கப்படும் சமுதாய சுகாதாரப் பணியாளர்களுக்கு 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் விருது வழங்கியது. நிலையான மாத ஊதியம் கேட்டு அவர்கள் நடத்திய போராட்டங்கள் அதற்குப் பிறகும் ஓயவில்லை.